ஷெர்வுட் காட்டைத் திரைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு

ஷெர்வுட் காட்டில் ஒளிந்திருந்து பணக்காரரிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ராபின் ஹுட் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்களுக்கும், எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும், இனி எடுக்க நினைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் வகுப்பில் பல பேர் உங்கள் தொடர்களைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். தமிழ்க் குரல் கிடைத்தால் தமிழில், கிடைக்காவிட்டால் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை எழுத்துக்கூட்டிக்கொண்டு. போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் மாக்னா கார்ட்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஜான் மன்னர் 1215-இல் ரன்னிமீடு புல்வெளியில் பிரபுக்களுக்கு இறங்கிவந்து சாசனத்துக்கு முத்திரை வைத்த கதையைச் சொல்லி முடித்ததும், பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், ரிச்சர்ட் ராஜா திரும்பி வந்ததுமே வரியெல்லாம் போயிடுச்சுல்ல? ராபின் ஹுட்டும் ஊருக்குத் திரும்பிட்டாரு. அப்புறம் எதுக்கு மிஸ் இந்தச் சாசனம்?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. நீங்கள் காட்டியதை ஒழுங்காகப் பார்த்த பிள்ளை அப்படித்தான் கேட்கும். நல்ல ராஜா ரிச்சர்ட் தூரதேசத்தில் இருக்கிறார், கெட்ட தம்பி ஜான் வரி போட்டு உறிஞ்சுகிறான், நல்ல ராஜா வந்ததும் துன்பம் தீர்கிறது. கதை அங்கேயே முடிந்துவிட்டால் சாசனத்துக்கு என்ன வேலை? அன்றைக்குப் பத்து நிமிடத்தில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அவளுக்குச் சொல்லவேண்டியதை உங்களுக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இந்த மடல்.

நான் பிழைப்பட்டியல் வாசிக்க வரவில்லை. விருந்து மேசையில் உருளைக்கிழங்கு இருந்தால் எனக்குக் கோபம் வராது. அது ஐரோப்பாவுக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில்தான் என்று தெரிந்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். உடையின் தையல், கோட்டைக் கதவின் கீல், தலைமுடியின் சுத்தம் எதுவும் எனக்குப் பொருட்டில்லை. "அசல் ராபின் ஹுட் இப்படி இல்லையே" என்றும் சொல்லமாட்டேன். ஏனென்றால் அசல் என்று ஒன்று கிடையாது.

1225-இல் யார்க் நீதிமன்றத்துக்கு வராமல் தலைமறைவான ராபர்ட் ஹாட் என்று ஒருவன் அரசுக் கணக்கில் இருக்கிறான். அவன் உடைமைக்கு 32 ஷில்லிங் 6 பென்ஸ் மதிப்புப் போட்டுப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். அவன்தான் இவனா என்று யாராலும் சொல்லமுடியாது. 1262-இல் பெர்க்‌ஷயரில் வில்லியம் என்ற ஒரு தலைமறைவுக் குற்றவாளியின் பெயரை எழுத்தர் "ராப்ஹாட்" என்று மாற்றி எழுதிவைத்திருக்கிறார். அதற்குள்ளேயே அது தப்பி ஓடியவர்களுக்கான பட்டப்பெயர் ஆகிவிட்டது என்று தெரிகிறது. 1377 வாக்கில் எழுதப்பட்ட ஓர் ஆங்கிலக் கவிதையில் ஒரு சோம்பேறிப் பாதிரியார், தனக்கு ஜெபம் சரியாக வராது, ராபின் ஹுட் பாட்டு வரும் என்கிறார். 1500-ஐ ஒட்டி அச்சான நீண்ட கதைப்பாடலில் ராபின் பிரபு இல்லை, யோமன். அதாவது பண்ணையடிமையும் இல்லாத, மேட்டுக்குடியும் இல்லாத, தன் கையை நம்பி நிற்கிற சாதாரண ஆள். அந்தப் பாடலில் காதலி மரியன் கிடையாது. ராபினும் ஆட்களும் பெரும்பாலும் இருப்பது ஷெர்வுட்டில் இல்லை, பார்ன்ஸ்டேலில். மன்னர் பெயர் ரிச்சர்ட் இல்லை, எட்வர்ட்.

ரிச்சர்ட் காலத்துக்கு அவனைக் கொண்டுபோய் வைத்தவர் ஜான் மேஜர் என்ற ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர், 1521-இல். ஹண்டிங்டன் பிரபு ஆக்கியது 1590-களின் கடைசியில் வந்த நாடகங்கள். மரியன், பிரெஞ்சுப் பாட்டுகளில் வேறொரு ராபினைக் காதலித்த ஆட்டிடைச்சி. மே மாத விளையாட்டுகளின் வழியாக இவனுடைய காட்டுக்குள் வந்து சேர்ந்தாள். சாக்ஸன் நார்மன் பகையைக் கதையின் முதுகெலும்பாக மாற்றியது 1819-இல் வந்த ஒரு நாவல். தலைமுறைக்குத் தலைமுறை கதையைத் தனக்குத் தேவையான இடத்தில் நீட்டிக்கொண்டது. நீங்களும் நீட்டியிருக்கிறீர்கள். 1984-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் நாசிர் என்ற சரசேனியன், அதாவது சிலுவைப்போர்க் காலத்து முஸ்லிம், ராபினின் கூட்டத்தில் சேர்ந்தான். பழைய பாடல் ஒன்றில்கூட அப்படி ஓர் ஆள் இல்லை. ஆனால் 1991 திரைப்படத்தில் அசீம் வந்தான், 2006 பிபிசி தொடரில் ஜாக் என்ற பெண் வந்தாள். இப்போது அப்படி ஒருவர் இல்லாவிட்டால் கூட்டம் குறைந்ததுபோல் என் பிள்ளைகளுக்குத் தோன்றுகிறது. தொன்மம் உயிரோடு இருப்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். தொலைக்காட்சியும் ஒரு பாணன்தான் என்று நான் மனதார நம்புகிறேன்.

அதனால் ஆட்களை மாற்றுங்கள். பெண்ணை வில்லெடுக்க வையுங்கள், மாவட்டத்தில் மன்னரின் அதிகாரியான ஷெரிஃபை இளைஞன் ஆக்குங்கள், ராபினைக் கொன்றுவிட்டு வேறொருவனை அவன் இடத்தில் நிறுத்துங்கள். அதையும் அந்த 1984 தொடர் செய்தது, நன்றாகவே செய்தது. எனக்கு வழக்கு ஒன்றே ஒன்றில்தான். அவன் எந்தச் சட்டத்தை மீறி ஓடினானோ அந்தச் சட்டத்தைத் திரையில் இருந்து எடுத்துவிடுகிறீர்கள். சட்டம் போனதும், அங்கே ஒரு கெட்ட மனிதன் மட்டும் மிஞ்சுகிறான்.

அது காட்டுச் சட்டம். வில்லியம் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் அன்றைக்கு "ஃபாரஸ்ட்" என்றால் மரம் அடர்ந்த இடம் என்று பொருள் இல்லை. மன்னருடைய மானுக்கும் பன்றிக்கும் என்று ஒதுக்கி, நாட்டின் பொதுச் சட்டத்துக்கு வெளியே தனிச் சட்டம் போட்ட நிலம் என்று பொருள். அதற்குள் ஊர்கள் இருந்தன, உழுத வயல் இருந்தது, பொட்டல் இருந்தது. எசெக்ஸ் மாவட்டம் ஏறக்குறைய முழுதுமே அந்தச் சட்டத்துக்குள் கிடந்த காலம் உண்டு. இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல் தன் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்: காட்டில் நடப்பது நாட்டின் பொதுச் சட்டப்படி இல்லை, மன்னரின் விருப்பப்படி. அங்கே வழங்குவதை நீதி என்று தனியாகச் சொல்லமுடியாது, காட்டுச் சட்டத்தின்படி நீதி என்றுதான் சொல்லவேண்டும்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சு நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் மானாவாரி நிலத்துக்குப் போவது. சோளமும் கடலையும் போடுகிற சொந்தக் காடு. மலையேறுகிற இடத்தில் கல் நட்டிருக்கும், அதற்கு அந்தப்பக்கம் "ஃபாரஸ்ட்". அங்கே மரமே இல்லாத பாறைச்சரிவும் ஃபாரஸ்ட்தான். காடு என்பது நிலத்தின் பெயர், ஃபாரஸ்ட் என்பது சட்டத்தின் பெயர். எங்கள் ஊரில் ஒரு எழுத்தும் படிக்காத கிழவிக்கும் அந்த வித்தியாசம் தெரியும். 1882-இல் வந்த மதராஸ் வனச் சட்டத்தோடு இறங்கிய ஆங்கிலச் சொல், எட்டு நூறு ஆண்டுக்கு முன்னால் அது பிறந்த ஊரில் என்ன பொருளில் இருந்ததோ ஏறக்குறைய அதே பொருளில் எங்கள் வாயில் இன்றைக்கும் இருக்கிறது.

என் அம்மாச்சி வாரத்துக்கு இரண்டு நாள் சுள்ளி பொறுக்கப் போவாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் காவலர் ஒருவர் வழிமறித்துக் கட்டை அவிழ்க்கச் சொல்லி, அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார். தண்டம் கட்டினால் தருகிறேன் என்றார். பணத்தைப் பற்றி அம்மாச்சி அதிகம் பேசியதாக எனக்கு நினைவில்லை. அந்த அரிவாளுக்குப் பிடி செதுக்கிப் போட்டது என் தாத்தா. அவர் அப்போது உயிரோடு இல்லை. அந்தப் பிடி எவன் கையில் இருக்கோ என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் காவலர் கொடுமைக்காரர் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "அவன் வேலை அது" என்பாள். உங்கள் தொடர்களில் எனக்குக் கிடைக்காமல் போவது இந்த வாக்கியம்தான். அவன் வேலை அது.

இங்கிலாந்துக் காட்டில் அந்த வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். காட்டுக்குள் வாழ்கிறவன் நாய் வளர்க்கலாம், ஆனால் பெரிய நாய் என்றால் அதன் முன்னங்கால் நகம் மூன்றை வெட்டவேண்டும். அது மானைத் துரத்தி ஓடக்கூடாது என்பதற்காக. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் வந்து கால்களைப் பார்ப்பார்கள். வெட்டாத நாய்க்கு மூன்று ஷில்லிங் தண்டம். கோடை நடுவில் மான் குட்டி போடுகிற ஒரு மாதம் காட்டுக்குள் ஆடுமாட்டை மேயவிடக்கூடாது. இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டை தின்னப் பன்றியை விடுவதற்குக் காசு. எங்காவது ஒரு மான் செத்துக் கிடந்தால் பக்கத்து நான்கு ஊர்களையும் கூட்டி விசாரணை நடக்கும். கூப்பிட்டு வராத ஊருக்கு அபராதம். மானின் இறைச்சி பக்கத்தில் உள்ள தொழுநோயாளிகளுக்கோ பிணியாளர்களுக்கோ போகும். யார் வில், யார் அம்பு, அன்றைக்கு யார் எங்கே இருந்தார்கள், யார் வீட்டில் இருந்து இறைச்சி வாசம் வந்தது? அண்டை வீட்டுக்காரன் வாய் திறந்தால் ஒரு குடும்பம் போய்விடும்.

சொல்லுங்கள், இதைவிட நல்ல முதல் பகுதி உங்களுக்கு எங்கே கிடைக்கும்? விடிகாலைப் பனி, ஓடையோரம் ஒரு செத்த மான், நான்கு ஊர் ஆட்கள் வரிசையாக. யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கமுடியவில்லை. வாள் இல்லை, துரத்தல் இல்லை. பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும்.

நீங்கள் பெரும்பாலும் காட்டுவது வெட்டுப்படுகிற கையையும் தூக்குமேடையையும்தான். அந்தத் தண்டனைகள் பொய் என்று சொல்லவரவில்லை. ரிச்சர்ட் மன்னரே 1198-இல் வெளியிட்ட காட்டு ஆணை, மானைக் கொன்றவனுக்குக் கண்ணைப் பறிப்பதையும் ஆண்மையைப் பறிப்பதையும் தண்டனையாக வைத்தது. நல்ல ராஜா ரிச்சர்ட். ஆனால் காட்டு நீதிமன்ற ஏடுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது பணம். அரை மார்க், இரண்டு ஷில்லிங், பிணை நிற்க ஆள், கட்டமுடியாதவனுக்குச் சிறை. காடு மன்னருக்கு வேட்டைக்களமாக இருந்ததைவிட வருமானமாகவே அதிகம் இருந்தது. மக்களைக் கொன்றுவிட்டால் யாரிடம் வசூலிப்பது? பயங்கரத்தை நீங்கள் நன்றாக எடுக்கிறீர்கள். கடனை எடுப்பதில்லை. கடன்தான் பெரும்பாலானவர்களின் பயங்கரமாக இருந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், பழைய பாடலுக்கு அது தெரிந்திருக்கிறது. அந்த நீண்ட கதைப்பாடலில் ராபின் முதலில் சந்திப்பது அநாதைக் குழந்தையையோ துன்பப்படும் கன்னியையோ இல்லை, கடனாளியை. ஒரு வீரத்திருமகன் பழைய உடையில், தலை குனிந்து, குதிரையில் வருகிறான். அவனுடைய மகன் வேறொருவனைக் கொன்றுவிட்டான், அந்த மகனைக் காப்பாற்ற நிலத்தை யார்க் நகரத்து புனித மேரி மடத்தில் 400 பவுண்டுக்கு அடகு வைத்திருக்கிறான். கெடு நாளை. கையில் இருப்பது பத்து ஷில்லிங். ராபின் அவனுக்கு அந்த 400 பவுண்டையும் கடனாகத்தான் கொடுக்கிறான். பிணைக்கு யார் என்று கேட்டால், மாதாவைத் தவிர எனக்கு யாரும் இல்லை என்கிறான் அந்த மனிதன். மாதாவின் மேல் உயிரையே வைத்திருக்கிற ராபின் அந்தப் பிணையை ஏற்றுக்கொள்கிறான். பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுப்பவன் என்று நாம் பழகியது இந்தப் பாட்டில் கடைசியில், ஏழைகளுக்கு நிறைய நல்லது செய்தான் என்று ஓர் அடியாக மட்டும் வருகிறது. ஏரோட்டுகிற குடியானவனைத் தொடாதே, நல்ல யோமனைத் தொடாதே, பிஷப்பைக் கட்டிப்போட்டு அடி, நாட்டிங்ஹாம் ஷெரிஃபை மறக்காதே என்பதுதான் அவன் தன் ஆட்களுக்குச் சொல்கிற விதி.

அப்புறம் அந்த மன்னர். எட்வர்ட் எதற்காக ராபினைத் தேடி வருகிறார் தெரியுமா? வடக்கே வந்து தன் வேட்டைக் காட்டைப் பார்க்கிறார், மான் குறைந்திருக்கிறது. அதனால்தான் கோபம். மடத்துத் தலைவர் வேடத்தில் காட்டுக்குள் வருகிறார், ராபின் அவரை உட்காரவைத்து விருந்து போடுகிறான். இலையில் விழுவது அவருடைய மானே. கதையின் நடுவில் மான் இருக்கிறது. மானை எடுத்துவிட்டால் அந்த விருந்துக்கு உப்பு இல்லை.

இப்போது ரிச்சர்டிடம் வருகிறேன், என் மாணவியின் கேள்வி அங்கேதான் இருக்கிறது. பத்து ஆண்டு ஆண்டவர், அதில் இங்கிலாந்தில் இருந்தது எல்லாம் சேர்த்து ஆறு மாதம் போல. சிலுவைப்போரில் இருந்து திரும்பும் வழியில் 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடிபட்டார். மீட்புப் பணம் 1,50,000 மார்க். அரசின் ஓராண்டு வருமானத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதைத் திரட்டத்தான் குடிமக்களின் வருமானத்திலும் அசையும் சொத்திலும் கால் பங்கு கேட்டார்கள். கோயில்களின் தங்கமும் வெள்ளியும் போயின. சிஸ்டர்சியன் துறவிகளிடம் ஓராண்டுக் கம்பளி முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். முன்னின்று திரட்டியவர் அவருடைய தாய் எலினோர், எழுபது வயதை ஒட்டிய கிழவி. ஜான் நல்லவர் இல்லை, அண்ணன் திரும்பாமல் இருக்கவேண்டும் என்று பிரான்ஸ் மன்னரோடு கைகோத்தவர். ஆனால் திரையில் நீங்கள் ஜான் தலையில் கட்டுகிற அந்தப் பெரிய வரி, ரிச்சர்டை விடுவிக்க ரிச்சர்டின் பேரால் வாங்கப்பட்டது.

1194 மார்ச்சில் அவர் வந்தார். நாட்டிங்ஹாம் கோட்டை ஜான் ஆட்களிடம் இருந்தது. 25-ஆம் தேதி முற்றுகை தொடங்கி, பிடித்த சிலரைக் கோட்டை கண்ணுக்கு எதிரிலேயே தூக்கிலிட்டு, 28-ஆம் தேதி கோட்டையைக் கைப்பற்றினார். இது எந்தப் புனைவும் இல்லை. ராபின் ஹுட்டின் ஊரிலேயே நடந்தது. மறுநாள் 29-ஆம் தேதி கிளிப்ஸ்டனுக்கும் ஷெர்வுட் காட்டுக்கும் போனார். அவர் அதற்கு முன் அந்தக் காட்டைப் பார்த்ததே இல்லை, அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது என்று அவர் காலத்திலேயே வாழ்ந்த ரோஜர் ஆஃப் ஹவ்டன் எழுதிவைத்திருக்கிறார்.

இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மன்னர் முதன்முதலாக ஷெர்வுட்டுக்குள் நடக்கிறார், மரங்களைப் பார்த்து மகிழ்கிறார். 30-ஆம் தேதி நாட்டிங்ஹாமில் ஆலோசனைச் சபையைக் கூட்டுகிறார். லிங்கன்ஷயர், யார்க்‌ஷயர் ஷெரிஃப்களைப் பதவியில் இருந்து இறக்கி, அந்தப் பதவிகளை அதிகம் தருகிறவருக்கு விற்கிறார். உழுநிலத்துக்குக் கணக்குப் போட்டுப் புது வரி கேட்கிறார். மே மாதம் கப்பலேறிப் பிரான்ஸுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. நான்கு ஆண்டு கழித்து, அவருக்குப் பிடித்துப்போன காடுகளுக்கெல்லாம் சேர்த்து, மேலே சொன்ன அந்த ஆணை.

பதவியை ஏலத்தில் எடுத்த ஷெரிஃப் போட்ட காசை எங்கே எடுப்பார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். ஷெரிஃப் கெட்டவராக இருந்தது அவர் பிறவிக்குணம் என்று நீங்கள் காட்டும்போது, அந்தப் பதவிக்கு விலை இருந்தது மறைந்துபோகிறது. பிலிப் மார்க் என்று உண்மையான நாட்டிங்ஹாம் ஷெரிஃப் ஒருவர் ஜான் காலத்தில் இருந்தார். மாக்னா கார்ட்டாவின் 50-ஆம் பிரிவு அவரையும் அவர் சகோதரர்களையும் பெயர் சொல்லிப் பதவிகளில் இருந்து நீக்கச் சொல்கிறது. ஒரு நாட்டின் சாசனத்தில் பெயர் எழுதப்படுகிற அளவுக்கு வெறுக்கப்பட்ட மனிதர். அதற்குப் பிறகும் பல ஆண்டு அதே பதவியில் இருந்தார். இவரை யாராவது முழுதாக, ஒரு வேலைக்காரராக, வீட்டுக்குப் போனால் பிள்ளைகளோடு பேசுகிற மனிதராக எடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆக, என் மாணவிக்குப் பதில் இதுதான். ரிச்சர்ட் வந்ததும் எதுவும் போய்விடவில்லை, அதனால்தான் சாசனம் தேவைப்பட்டது. அதிலும் ஒன்று போதவில்லை. 1215 சாசனத்தில் காட்டைப் பற்றிச் சில பிரிவுகளே இருந்தன. 1217 நவம்பர் 6-ஆம் தேதி, பத்து வயதுச் சிறுவன் மூன்றாம் ஹென்றியின் பேரால், ஆட்சியைப் பார்த்துக்கொண்ட வில்லியம் மார்ஷல் தனியாகக் காட்டுச் சாசனம் ஒன்றை வெளியிட்டார். இனி நம் மானுக்காக யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்கவேண்டாம் என்கிறது அது. பணம் இருந்தால் தண்டம், இல்லாவிட்டால் ஓராண்டும் ஒரு நாளும் சிறை. சுதந்திர மனிதன் தன் காட்டில் பன்றி மேய்க்கலாம், நெருப்புக்கு விறகு எடுக்கலாம் என்பன போன்ற பழைய உரிமைகளுக்கு இடம் கிடைத்தது. பண்ணையடிமைகளுக்கு அதில் அவ்வளவாக எதுவும் கிடைக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். முந்தைய சாசனத்தை இந்தச் சின்னச் சாசனத்தில் இருந்து பிரித்துச் சொல்லத்தான் அதற்குப் "பெரிய சாசனம்" என்று பெயரே வந்தது. மாக்னா கார்ட்டா என்ற பெயரில் இருக்கிற அந்தப் பெரிய என்ற சொல்லுக்குள் காடு ஒளிந்திருக்கிறது. 1971-இல்தான் அந்தக் காட்டுச் சாசனத்தைச் சட்டப் புத்தகத்தில் இருந்து எடுத்தார்கள். அதன் மூலப் பிரதிகளில் ஒன்று டர்ஹாம் பேராலயத்தில் இருக்கிறது, இன்னொன்று லிங்கன் கோட்டையில்.

இதையெல்லாம் தொலைக்காட்சியில் காட்டினால் யார் பார்ப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் முன்னோர்களே காட்டியிருக்கிறார்கள். 1955-இல் தொடங்கி 143 பகுதிகள் வந்த பிரிட்டிஷ் தொடரை எழுதியவர்களில் பலர், அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று கருப்புப்பட்டியலில் போடப்பட்டு வேலை இழந்தவர்கள். சொந்தப் பெயரைப் போட வழியில்லாமல் புனைபெயரில் எழுதினார்கள். ஸ்டுடியோ சின்னது, மரங்களுக்கு அடியில் சக்கரம் வைத்து நகர்த்திக் காட்டை உண்டாக்கினார்கள். ஆனால் சட்டம் தன்னை வெளியே தள்ளினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும், அது அந்தத் தொடருக்குள் இருந்தது. 1984 தொடரிலோ, ராபினின் காட்டு வாழ்க்கை தொடங்குவதே ஒரு பையன் மானைக் கொன்றுவிடுவதால்தான். அதன் முதல் சுற்றிலேயே ரிச்சர்ட் வருகிறார். ராபின் அவரை நம்புகிறான், அவர் கேட்பது போருக்குப் பணம் என்று புரிந்ததும் காட்டுக்கே திரும்புகிறான். மாயமும் மந்திரமும் கொம்பு வைத்த வனதெய்வமும் நிறைந்த தொடர் அது. அதில் வரலாறு குறைவு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். சட்டைப் பொத்தான் வரை சரியாக வைத்துவிட்டு ராஜா வந்தார், சுபம் என்று முடிக்கிற தொடர்களைவிட அதில் உண்மை அதிகம்.

பழைய பாட்டின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். மன்னர் எட்வர்ட் ராபினை மன்னித்து அரண்மனைக்கு அழைத்துப்போகிறார். பதினைந்து மாதம் ராபின் அங்கே இருக்கிறான். கையில் இருந்த காசெல்லாம் கரைந்து, கூட வந்த ஆட்களும் ஒவ்வொருவராகப் போய், இரண்டு பேர்தான் மிச்சம். ஒரு நாள் இளைஞர்கள் அம்பு விடுவதைப் பார்த்து, நானும் ஒருகாலத்தில் நல்ல வில்லாளியாக இருந்தேன் என்று பெருமூச்சு விடுகிறான். ஏழு நாள் விடுப்புக் கேட்டுக் காட்டுக்குப் போகிறான். பறவைச் சத்தம் கேட்கிறது. கொம்பை எடுத்து ஊதுகிறான், பழைய ஆட்கள் வருகிறார்கள். மன்னர்மேல் எவ்வளவு பயம் இருந்தாலும் அதற்குப் பிறகு 22 ஆண்டு ராபின் அரண்மனைக்குத் திரும்பவே இல்லை. இந்தப் பாட்டைக் கட்டியவருக்கும் கேட்டவர்களுக்கும், ராஜா வந்தால் தீராது என்று தெரிந்திருக்கிறது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு தொடர். அதில் ராபின் எப்படிப்பட்டவனாகவும் இருக்கட்டும். முதல் பகுதியில் ஓர் இடையன் தன் நாயை மடியில் போட்டுக்கொண்டு, நகத்தை வெட்ட வந்தவனிடம் மெதுவாக வெட்டச் சொல்லிக் கெஞ்சட்டும். வெட்டுகிறவன் நல்லவனாகவே இருக்கட்டும், அவன் கையும் நடுங்கட்டும். கடைசிப் பகுதியில் 1194 மார்ச் 29-ஆம் தேதி ஷெர்வுட் காட்டுக்குள் வருகிற மன்னரை மரத்தின் மேல் இருந்து ராபின் பார்க்கட்டும். மன்னர் அந்த ஓக் மரங்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைக் காட்டுங்கள். அப்புறம் மறுநாள் காலை அந்தச் சபையைக் காட்டுங்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று.

அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். பரீட்சை முடிந்ததும் பார்க்க ஏதாவது இருக்கிறதா மிஸ் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
மலையடிவாரத்து வரலாற்று ஆசிரியை